மடிக்கணினியை மாற்றுமுன் மூன்று கணக்குகள்

பிள்ளைகளின் படிப்பு, அலுவலகப் பணி, வருமான வரிப் படிவம், இணைய வங்கிச் சேவை எனக் குடும்பத்தின் முக்கிய அலுவல்கள் பலவும் இன்று ஒரே மடிக்கணினியின் வழியே நடைபெறுகின்றன. வாங்கி ஏழெட்டு ஆண்டுகளாகி அதன் வேகம் குறையும்போது, புதியது வாங்கும் எண்ணம் எழுவது இயல்பே. அதற்குக் கடன் பெறலாமா, தவணையில் வாங்கலாமா என வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. அவர்களிடம் நாங்கள் முதலில் கேட்க விரும்புவது இதுதான்: தங்கள் கணினி மந்தமாகிவிட்டதா, பாதுகாப்பற்றதாகிவிட்டதா? மந்தம் பெரும்பாலும் சிறு செலவில் நீங்கும். பாதுகாப்பின்மையை ஒத்திப்போடுவது சேமிப்புக்கே ஊறு விளைவிக்கலாம்.

வேகக் கணக்கு

பழைய மடிக்கணினிகள் பலவற்றில் சுழலும் வகை ஹார்டு டிஸ்க் உள்ளது. அதை அகற்றி எஸ்எஸ்டி பொருத்தினால், பல நிமிடங்கள் காக்க வைத்த கணினி ஒரு நிமிடத்திற்குள் பணிக்கு ஆயத்தமாகும். 4 ஜிபி ரேம் மட்டும் இருப்பின், 8 ஜிபியாக உயர்த்துவதும் பயன் தரும்.

எது தேவை என அறிவது எளிது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமான பணியின்போது அதில் டிஸ்க் பயன்பாடு நெடுநேரம் 100 விழுக்காட்டை ஒட்டி நின்றால் டிஸ்க்கையும், மெமரி பயன்பாடு அவ்வாறு நின்றால் ரேமையும் கவனிக்க வேண்டும். மெல்லிய மாடல்கள் சிலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் மாற்ற இயலாது. பழுது நீக்குவோரிடம் இதைக் கேட்டறிந்த பின்னரே செலவு செய்க. பேட்டரி மட்டும் தளர்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

பாதுகாப்புக் கணக்கு

2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. இயங்குதளத்தில் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பவை மாதந்தோறும் வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளே. அவை வராத கணினி வழக்கம்போல் இயங்கும். ஆனால் அதில் தட்டச்சு செய்யும் வங்கிக் கடவுச்சொல் களவு போகும் வாய்ப்பு நாளுக்கு நாள் கூடும். வைரஸ் தடுப்பு மென்பொருள் இக்குறையை முழுமையாக ஈடு செய்யாது.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி, ஏற்கப்பட்ட பிராசசர் ஆகியவை வேண்டும். இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையுமே ஏற்கப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் பிசி ஹெல்த் செக் செயலி, தங்கள் கணினி தகுதியுடையதா எனத் தெரிவித்துவிடும். தகுதி இருப்பின் இயங்குதளத்தை இலவசமாக உயர்த்திக்கொள்ளலாம்; புதிய கணினி தேவையில்லை.

தகுதி இல்லையெனில், தனிநபர் கணினிகளுக்கென அறிவிக்கப்பட்ட ஓராண்டு நீட்டிப்பில் பதிவு செய்யலாம். அது 2026 அக்டோபர் 13 வரைக்குமானது. உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறுவதும் ஒரு வழி. குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ நிறுவுவது நன்றன்று. அத்தகைய கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்னும் உறுதி கிடையாது. ஏற்பாடு செய்யும் வரை, வங்கிப் பரிவர்த்தனைகளைப் புதுப்பிப்புகள் பெறும் கைப்பேசியில் மட்டும் மேற்கொள்க.

பணக் கணக்கு

புதியது வாங்குவதே முடிவெனில், தவணையின் உண்மை விலையைக் கணக்கிடுவோம். ரூ. 48,000 விலையுள்ள மடிக்கணினியை ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியில் 12 தவணைகளில் வாங்கினால், மாதத் தவணை சுமார் ரூ. 4,332, வட்டி மட்டும் சுமார் ரூ. 3,990. கடன் அட்டைத் தவணையாயின், அவ்வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக ஏறத்தாழ ரூ. 718 சேரும்.

‘நோ காஸ்ட்’ தவணையில் வட்டிக்கு ஈடான தொகை தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. எனினும் வட்டியின் மீதான ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் பொதுவாக வாங்குபவரையே சாரும். வட்டியே இல்லாத கடன் என்பது இல்லை என 2013-இலேயே இந்திய ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியுள்ளது. எனவே, முழுத் தொகையையும் உடனே செலுத்தினால் என்ன விலை என்று கேட்டு, இரண்டையும் ஒப்பிடுக.

கணினி மந்தம் மட்டுமே எனில், அதே ரூ. 4,332-ஐ மாதந்தோறும் தொடர் வைப்பில் செலுத்தலாம். ஓராண்டில் அசல் மட்டும் ரூ. 51,984 சேரும், வட்டி தனி. கடனின்றி வாங்கிய பின்னும் கையில் தொகை மிஞ்சும்.

பழையதைக் கைமாற்றுமுன்

கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை நீக்குக. எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, தரவை முற்றிலும் துடைக்கும் வகையில் ரீசெட் செய்க. வெறுமனே அழித்த கோப்புகளை மீட்டெடுக்க இயலும் என்பதை மறவாதீர். இயங்காத கணினியாயின் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, மற்றதைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம்.

பாதுகாப்பு, பழுதின் செலவு, தவணை என்னும் வரிசையில் கணக்கிடுவோர்க்கு, மாற்றும் காலம் எது என்பது தானே தெளிவாகும்.