லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? பாலக்காட்டுக் கணவாயில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

நம்மவர் ஒருவர் புது வண்டி வாங்கினால், நிறம் என்ன, விலை என்ன என்று கேட்பதற்கு முன்பே வந்து விழும் கேள்வி: "மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?" மைல் போய்க் கிலோமீட்டர் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, மைலேஜ் மட்டும் போகவில்லை. மொபெட் வாங்கினவரிடமும் இதே கேள்விதான், ஒன்றரைக் கோடிக்கு மேல் போட்டு போர்ஷே வாங்கினவரிடமும் இதே கேள்விதான். "அந்தக் கார் வாங்குறவனுக்கு பெட்ரோல் கணக்கு எதுக்குய்யா?" என்று சிலர் சிரிப்பார்கள். ஆனால் இந்தக் கணக்கு பிசகினால் பெட்ரோல் காசு மட்டும் போவதில்லை. நன்றாக இருக்கும் எஞ்சினைப் பிரித்துப் போட்டு லட்சக்கணக்கில் செலவு வைப்பார்கள். அப்படி ஒரு சம்பவம் எங்கள் குடும்பத்திலேயே நடக்க இருந்தது. அதை வைத்தே இந்தக் கட்டுரையைக் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன்.

நான் கஞ்சிக்கோட்டுக்காரன். கோவையிலிருந்து பாலக்காடு போகும் நெடுஞ்சாலையில் வாளையாறு தாண்டினால் வரும் ஊர். பழைய தேசிய நெடுஞ்சாலை 47. 2010-க்குப் பிறகு 544 என்று எண் மாறிவிட்டது. தொழிற்பேட்டை என்றே பலருக்கும் ஊர் தெரியும். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், வேலையிடத்தில் இரண்டும் கலந்து பேசி வளர்ந்தோம். சரக்கு மற்றும் சேவை வரி வந்த 2017 வரை, வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்குப் பூஜ்யம் மைலேஜ் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும், ஏசி ஓடும், வண்டி ஓடாது.

விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன் கோவையில் இருக்கிறான். இரண்டு வருடம் ஓடிய ஒரு போர்ஷே 911 கரேராவை வாங்கினான். 3 லிட்டர் எஞ்சின், இரட்டை டர்போ, 380 குதிரைத்திறனை ஒட்டி வரும். வாங்கின கையோடு தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பாலக்காடு வந்தான். வரும்போது வண்டியின் திரையில் லிட்டருக்கு 12 என்று காட்டியதாம். எல்லோருக்கும் போன் செய்து சொல்லியாயிற்று. மறுநாள் திரும்பிப் போகிறபோது 8. "மாமா, ஒரே நாள்ல நாலு கிலோமீட்டர் விழுந்துடுச்சு. இங்க காட்டினேன், இஞ்செக்டர் போயிருக்கும், கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்ங்கறாங்க. வித்தவர் மேல கேஸ் போடலாமா?" என்று என்னைக் கேட்டான்.

"எதையும் கழட்ட விடாதே, முதலில் ஒரு காகிதம் எடு" என்றேன்.

ஒரு வண்டி சமவெளியில், காற்றில்லாத நேரத்தில், சீராக 80 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பின்னுக்கு இழுக்கும் விசைகள் இரண்டு. ஒன்று, சக்கரம் உருளும்போது டயர் நசுங்கி எழுவதால் வரும் தடை; ஒன்றரை டன் வண்டிக்கு இது சுமார் 18 கிலோ எடைக்குச் சமம். இன்னொன்று காற்று. 911 போன்ற தாழ்வான, வழுக்கலான உருவத்துக்கு 80-இல் இதுவும் சுமார் 18 கிலோதான். ஆக, 36 கிலோ இழுவை. இதை வெல்ல எத்தனை குதிரைத்திறன் வேண்டும் தெரியுமா? பத்து, பதினொன்று. மீதி 370 குதிரைகளும் லாயத்தில் நின்று கொள் தின்றுகொண்டிருக்கின்றன!

ஸ்போர்ட்ஸ் காரின் சாதாரண ஓட்டத்தில் பெட்ரோல் கரைவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பெரிய எஞ்சினைச் சிறிய வேலைக்குப் பயன்படுத்தும்போது, காற்று நுழையும் வழியை முக்கால்வாசி மூடி, அந்த இடுக்கு வழியே மூச்சு வாங்க வைக்கிறோம். அந்த மூச்சுக்கும், உள்ளே இருக்கும் உராய்வுக்கும், ஏசிக்கும் ஆகும் செலவு வண்டியை நகர்த்தும் செலவைவிட அதிகமாகிவிடும். கல்யாண மண்டபத்துப் பெரிய அடுப்பை மூட்டி ஒரு டம்ளர் காப்பி போட்ட கதை.

இப்போது சாலைக்கு வருவோம். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்காடு சுமார் 80 மீட்டர். இடையே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. கண்ணுக்குச் சாலை மட்டமாகத்தான் தெரியும். மலையேறுகிறோம் என்ற எண்ணமே வராது. ஆனால் 330 மீட்டர் என்பது நூறு மாடிக் கட்டடத்தின் உயரம். இந்தச் சரிவு மட்டும், கீழே வரும்போது சராசரியாகப் பத்துக் கிலோ விசையில் வண்டியைத் தள்ளிவிடுகிறது. மேலே போகும்போது அதே பத்துக் கிலோவால் பிடித்து இழுக்கிறது.

அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்தது போல இருப்பதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியே கேரளத்திலிருந்து கோவைப் பக்கம் பாயும். கார்த்திகை முதல் தை வரை அதற்கு நேரெதிர்: கிழக்கிலிருந்து வறண்ட காற்று மேற்கே இறங்கும், மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள். கேரள மின்வாரியம் 1990-களில் தன் முதல் காற்றாலைகளை நிறுவியது எங்கள் கஞ்சிக்கோட்டில்தான். 225 கிலோவாட்டில் ஒன்பது எந்திரங்கள். காற்று எப்படிப்பட்டது என்பதற்கு அவையே சாட்சி.

பையன் வந்தது தை மாதம். மணிக்கு 20 கி.மீ. கீழைக்காற்று என்று மிதமாகவே வைத்துக்கொள்வோம். பாலக்காடு நோக்கி 80-இல் வரும்போது வண்டி உணரும் காற்று 60 மட்டுமே. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் 18 கிலோ என்பது 10 ஆகிவிடும். திரும்பிப் போகும்போது உணரும் காற்று 100; தடை 28 கிலோ. கூட்டிப் பாருங்கள். வரும்போது டயருக்கு 18, காற்றுக்கு 10, சரிவு தள்ளுவதால் கழித்தல் 10: மொத்தம் 18 கிலோ. போகும்போது 18, 28, ஏற்றத்துக்கு 10: மொத்தம் 56 கிலோ. அதே வண்டி, அதே சாலை, அதே 80 கி.மீ. வேகம், எஞ்சின் இழுத்த பாரம் மூன்று மடங்கு!

"மூணு மடங்கு வேலைன்னா மைலேஜ் மூணுல ஒண்ணாகணுமே, மாமா?" என்றான். நல்ல கேள்வி. ஆகாது, ஏனென்றால் லாயத்துக் குதிரைகளின் தீனி இரண்டு பயணத்திலும் ஒன்றுதான். அந்த நிலையான செலவு பெரிதாக இருப்பதால்தான் 12-க்கும் 8-க்கும் இடையே ஆட்டம் நின்றது.

அடுத்து அவன் செய்தது நம்மில் பலர் செய்வது: 12-ஐயும் 8-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, "சராசரி பத்து" என்றான். அது தப்பு. 48 கி.மீ. தூரத்தை லிட்டருக்கு 12 வீதம் போனால் 4 லிட்டர். அதே 48-ஐ 8 வீதம் திரும்பினால் 6 லிட்டர். 96 கிலோமீட்டருக்கு 10 லிட்டர், அதாவது 9.6. ஐரோப்பியர் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று தலைகீழாகச் சொல்வது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும் நல்ல வழி.

இந்த 9.6 நல்ல எண்ணா, கெட்ட எண்ணா? அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ஆம் வருட 911 கரேராவுக்குக் கொடுத்த எண்கள்: நகரத்தில் காலனுக்கு 18 மைல், நெடுஞ்சாலையில் 24, இரண்டும் சேர்த்து 20. நம் கணக்கில் 7.7, 10.2, 8.5. ஆக, நெடுஞ்சாலையில் பெரும்பகுதி ஓடி 9.6 கொடுத்த வண்டிக்கு ஒரு நோயும் இல்லை. இஞ்செக்டர் கழற்றப்படவில்லை, கேஸும் இல்லை.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546. அமெரிக்காவில் 20 என்றால் லண்டனில் அதுவே 24. நியூஜெர்சித் தம்பியும் லண்டன் அண்ணனும் ஒரே வண்டியை வைத்துக்கொண்டு சண்டை போடுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

இந்தியாவில் விற்பனைச் சீட்டில் போடும் எண், ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுப்பது. அந்த ஓட்டத்தில் உச்ச வேகமே 90 கி.மீ.தான், ஏசி கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, வாளையாறு ஏற்றமும் கிடையாது. அமெரிக்காவில் 2008 மாதிரி வண்டிகளிலிருந்து அதிவேகம், ஏசி, குளிர் ஆகியவற்றையும் சோதனையில் சேர்த்தார்கள். ஐரோப்பா 2017-இல் பழைய முறையைக் கைவிட்டுக் கடுமையான புது முறைக்கு மாறியது. அதனால் ஒரே காருக்கு மூன்று நாட்டில் மூன்று எண் இருந்தால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. மூன்று வேறு பாதையில் ஓட்டியிருக்கிறார்கள்.

குதிரைகள் எல்லாவற்றையும் லாயத்திலிருந்து அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில், கார் பந்தயத்துக்காக வாழ்ந்து 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயரால் பந்தயத் தடம் இருக்கிறது. அப்படி ஒரு தடத்தில் 160-இல் வந்து வளைவுக்காக 60-க்கு பிரேக் அடித்தால், அந்த ஒரு மிதியில் ஏறத்தாழ 130 மில்லி பெட்ரோல் வெறும் சூடாகப் போய்விடும். ஒரு சின்ன டம்ளர் காப்பி அளவு. எட்டு வளைவுக்கு ஒரு லிட்டர்! 1001 குதிரைத்திறன் கொண்ட புகாட்டி வேரான் தன் உச்ச வேகமான 407-இல் ஓடினால் 100 லிட்டர் டேங்க் 12 நிமிடத்தில் காலியாகும் என்று செய்தவர்களே சொன்னார்கள். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 800 மீட்டர்.

மறுபுறமும் உண்டு. 2008-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் டாப் கியர் நிகழ்ச்சியில், சிக்கனத்துக்குப் பெயர்போன டொயோட்டா பிரையஸை முடிந்தவரை விரட்டிப் பத்துச் சுற்று ஓட்டினார்கள். பி.எம்.டபிள்யூ. எம்3 ஸ்போர்ட்ஸ் கார் அலட்டிக்கொள்ளாமல் பின்னாலேயே வந்தது. பிரையஸ் பிரிட்டிஷ் காலனுக்கு 17.2 மைல், எம்3 19.4. இதை வைத்து எம்3 சிக்கனமான கார் என்று யாரும் வாதிட வேண்டாம்! சின்ன எஞ்சினை அதன் எல்லை வரை விரட்டினால் அதுவும் குடிக்கும், அவ்வளவுதான்.

ஆனால் திரையில் காட்டும் எண்ணையே நம்பலாமா? வண்டிக்குள் பெட்ரோலை அளக்கும் மீட்டர் பொதுவாகக் கிடையாது. இஞ்செக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கணினி மதிப்பிடுகிறது. இந்த மதிப்பீட்டுக்கும் நேரடி அளவுக்கும் உலகறிய ஒரு வழக்கே நடந்தது. 2014 ஃபார்முலா ஒன் விதிப்படி மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எஞ்சினுக்குப் பெட்ரோல் பாயக்கூடாது. பாய்வை அளக்க ஒவ்வொரு காரிலும் மீஒலி உணரி. அந்த ஆண்டு ஆஸ்திரேலியப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த டேனியல் ரிச்சியார்டோ, பாய்வு வரம்பை மீறியதற்காகத் தகுதி இழந்தார். உணரி தவறு, எங்கள் இஞ்செக்டர் கணக்கே சரி என்றது ரெட் புல் அணி. மேல்முறையீடும் தள்ளுபடியானது.

பாய்வை அளப்பது அப்படியொன்றும் லேசான காரியமில்லை. எங்கள் கஞ்சிக்கோட்டில் 1987 முதல் இயங்கும் திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலையே அதுதான். நீர், எண்ணெய், காற்று ஆகியவற்றின் பாய்வுமானிகளைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கும் மத்திய அரசு நிறுவனம். இந்தத் துறையில் அடிப்படை முறை மிக எளியது: குறித்த நேரத்தில் பாய்ந்து வந்ததைப் பிடித்துத் தராசில் நிறுத்துவிடு.

வீட்டுக்கு அதன் எளிய வடிவம் டேங்க் நிரப்பிப் பார்ப்பது. ஒரே பங்கில், ஒரே குழாயில், தானாக நிற்கும் வரை நிரப்ப வேண்டும்; அதற்கு மேல் "இன்னும் கொஞ்சம்" கூடாது. பிறகு ஐந்நூறு கிலோமீட்டராவது, போக வர இரு திசையிலும் ஓட்டி, அதே குழாயில் திரும்ப நிரப்பிக் கணக்கெடுங்கள். காற்று போகவரச் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். முன்சொன்ன கணக்கில் 10-ம் 28-ம் சேர்ந்தால் சராசரி 19. காற்றில்லாத நாளின் 18-ஐவிடக் கூடத்தான். பங்கின் அளவில் சந்தேகமிருந்தால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லும் உரிமை இந்தியாவில் வாடிக்கையாளருக்கு உண்டு. வெயிலில் பெட்ரோல் விரியும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. தரைக்கடியில் இருக்கும் தொட்டி அதிகம் சூடாகாது என்பதால் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

அதைவிடப் பெரியது பெட்ரோலே மாறியிருப்பது. இந்தியாவில் 2025-இல் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே இ20 ஒரு லிட்டரில் சக்தி ஆறேழு சதவீதம் குறைவு. எத்தனாலின் ஆக்டேன் உயர்வு. அதற்கேற்ப வடிவமைத்த எஞ்சின் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ளும், எல்லாவற்றையும் அல்ல. அமெரிக்காவில் பெரும்பாலும் பத்து சதவீதக் கலப்பு. எனவே அங்கே இருக்கும் மைத்துனரின் 911-ஓடு இங்கே இருக்கும் 911-ஐ ஒப்பிடுகிறவர்கள், காலனைத் திருத்தியது போலவே இதற்கும் மூன்று நான்கு சதவீதம் தள்ளிக்கொள்ள வேண்டும். பையனிடம் தேதி, கிலோமீட்டர், லிட்டர், எந்தத் திசை, எந்த மாதம் என்று ஐந்து கட்டம் போட்ட நோட்டு ஒன்று கொடுத்தேன். ஆறாவது கட்டமாக "எந்த பெட்ரோல்" என்று அவனே சேர்த்துக்கொண்டான்.