புட்டிக்கு ஒரு லேபிள்

1922இல் கல்கத்தா சென்ற சிவகாசி ஐய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அவ்வூர் அச்சு நகரமான கதை இதுவே.

நமது கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திராட்சை ஒயினானால் அதன் புட்டிக்கும் லேபிள் வேண்டுமே! ஆனால் இது தீப்பெட்டி லேபிள் போன்றதன்று. ஐஸ் வாளியில் மூழ்கினாலும் தாள் கிழியவோ, மை கரையவோ, பசை விடவோ கூடாது. ஆகவே பிசின் சேர்த்து, ஈரம் தாங்குமாறு செய்த தாளில் அச்சிடுகின்றனர். எல்லாம் நாம் வகுப்பில் படிக்கும் வேதியியல்தான்!

கெங்குவார்பட்டியில் தோட்டக் கூலிக்குச் செல்லும் என் தந்தையார், "பட்டம் வாங்கி லேபிளா ஒட்டப் போகிறாய்?" என்றார். ஒட்டுவதன்று அப்பா, அச்சிடுவது. முதலில் சிவகாசியில் இரண்டாண்டு வேலை பழகல். பின்னர் வங்கிக் கடன் கிடைத்தால் ஒரு பழைய இயந்திரம். ஒயின் பிறகு; முதல் லேபிள் பெரியகுளம் மாம்பழச் சாற்றுக்கு.