எழுதிக் கொடுத்த பின்

எந்த ஊர் ரிஜிஸ்டிரார் கச்சேரிக்குப் போனாலும் காலை வேளையில் இந்தக் காட்சியைக் காணலாம். எழுபது வயது கடந்த கிழவரோ, கணவனை இழந்த மூதாட்டியோ, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறார். பத்திரம் முன்னமே எழுதித் தயாராக இருக்கிறது. வீட்டையும், ஏதோ இருக்கிற நிலத்தையும், அன்பினாலும் பாசத்தினாலும் மகனுக்கு செட்டில்மெண்டு செய்ததாக அதில் வாசகம். விரல் ரேகை பதிந்தாகிறது. வெளியே வந்ததும் எல்லோருக்கும் ஹோட்டலில் சிற்றுண்டி. அநேகக் குடும்பங்களில் அதற்குப் பிறகும் சோறும் மரியாதையும் குறைவதில்லை; அதை நாம் மறுக்கவில்லை. நமது கவலை மற்றக் குடும்பங்களைப் பற்றியது.

பெற்றோரைப் பேணுவது நமது இரத்தத்தில் ஊறிய தர்மம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவோர் சட்டப் புஸ்தகத்தையும் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம். 1898ஆம் வருஷத்து கிரிமினல் புரொஸீஜர் கோடில் மனைவியும் குழந்தைகளும் ஜீவனாம்சம் கேட்க வழியிருந்தது. தாய் தகப்பனுக்கு இல்லை. 1956இல்தான் ஹிந்துக்களுக்கான சட்டம், மகனும் மகளும் வயோதிகப் பெற்றோரைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர்கள் என்றது. 1973இல் திருத்தி எழுதிய கோடு அந்த உரிமையைச் சகல மதத்தினருக்கும் அளித்தது. மணமான மகளும் பொறுப்பாளியே என்று 1987இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது. தர்மம் தானே நடந்துகொண்டிருந்தால் இத்தனைக்கும் அவசியம் என்ன?

2007இல் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. அறுபது வயதானவர் எவரும், தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள முடியாவிடில், சப் டிவிஷன்தோறும் அமைந்த நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்கலாம். நமது ராஜ்யத்தில் ஆர்.டி.ஓ.வே அதற்குத் தலைவர். வக்கீலை வைத்து வாதாடாமல் முதியவர் தாமே போய் முறையிடும்படி சட்டம் வகுக்கப்பட்டது; விரும்பினால் ஜில்லா சமூகநல அதிகாரி அவருக்காக ஆஜராகலாம். எதிர்த்தரப்பாருக்கு நோட்டீஸ் சேர்ந்த 90 நாட்களுக்குள், மிஞ்சிப்போனால் இன்னும் 30 நாட்களுக்குள், ஜீவனாம்ச மனுவை முடிக்க வேண்டும். பிள்ளையில்லாதவரானால், அவருடைய சொத்துக்கு வாரிசாக வரக்கூடிய உறவினரைக் கேட்கலாம். ஜீவனாம்சம் மாதம் ரூ. 10,000க்கு மேற்படக்கூடாதாம். 2007இல் அந்தப் பணத்துக்கு வாங்கிய மருந்தை இன்று எவராவது வாங்கிக் காட்டட்டும். இந்த வரம்பை எடுத்துவிட 2019 டிசம்பரில் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமலே, 2024இல் லோக் சபை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது.

ஆனால் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதன் 23ஆம் பிரிவைப் பற்றி. முதியவர் ஒருவர், தமக்கு வேண்டிய அடிப்படை வசதிகளைச் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்ய மறுத்தால், அந்தப் பத்திரம் மோசடியால் பெற்றதாகக் கருதப்படும். மன்றம் அதை ரத்துச் செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். இடர்ப்பாடு முழுவதும் 'நிபந்தனையுடன்' என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. அன்பினால் கொடுத்ததாகத்தானே பத்திரம் பேசுகிறது? நிபந்தனையை யார் எழுதினார்கள்? அப்படி நிபந்தனை இருந்ததென்று காட்டாவிட்டால் பத்திரத்தை ரத்துச் செய்ய முடியாது என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கு வந்தது. அவர் 2019இல் தானப் பத்திரம் எழுதியபோது, கடைசிவரை காப்பாற்றுவதாகத் தனிக் காகிதம் ஒன்றும் எழுதப்பட்டிருந்தது. பத்திரத்திலேயே நிபந்தனை இல்லை என்று ஹைகோர்ட்டு அவரைக் கைவிட்டது. சுப்ரீம் கோர்ட்டோ, இது முதியோரின் நன்மைக்கென்றே இயற்றிய சட்டம், தாராள நோக்குடன் பொருள் கொள்ளவேண்டும் என்று கூறி அவர் பக்கம் நின்றது. அவ்வருஷம் மார்ச்சில் சென்னை ஹைகோர்ட்டும், நாகப்பட்டினம் ஜில்லா வழக்கொன்றில், அன்பினால் கொடுத்தது என்பதிலேயே காப்பாற்றும் கடமை அடங்கியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது.

இவை நமக்கு மகிழ்ச்சி தரும் தீர்ப்புகள். ஆயினும் எண்பது வயதில் ஒருவர் ஹைகோர்ட்டு வரை நடந்து வெல்ல வேண்டுமா? நிபந்தனையைப் பத்திரத்திலேயே விளக்கமாக எழுதிவிடுவது சுலபம். ஜீவியபரியந்தம் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தமக்கே வைத்துக்கொள்வது அதைவிட நல்லது. எல்லாவற்றிலும் உத்தமம் உயில். இரண்டு சாட்சிகள் போதும், ரிஜிஸ்டர் செய்தே தீரவேண்டும் என்பதுகூட இல்லை, மனம் மாறினால் மாற்றி எழுதலாம். உயில் என்றாலே சில பிள்ளைகளின் முகம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தைக் கையெழுத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்வது பெற்றோருக்கு லாபமே!

தேச ஊழியர்களாகிய நமது வாசகர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. பிராதுக்குத் தடை சட்டமல்ல, வெட்கம். பெற்ற பிள்ளைமேல் சர்க்காரிடம் போவதா என்று பட்டினி கிடக்கும் தாய்மார் உண்டு. தாமே மனுக் கொடுக்க இயலாதவருக்காக, அவர் அனுமதியுடன், பதிவு பெற்ற தொண்டர் சங்கம் மனுக் கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. 14567 என்ற டெலிபோன் எண்ணில் முதியோருக்கு யோசனை கிடைக்கும் ஏற்பாடும் 2021 முதல் உண்டு. கொடிக்கம்பம் நடும் சங்கங்கள் மாதத்தில் ஒரு நாள் கிழவர்களோடு ஆர்.டி.ஓ. கச்சேரிக்குப் போய்வந்தால் கௌரவம் குறைந்துவிடாது.

எழுதிக் கொடுக்க ஒரு செண்டு நிலமும் இல்லாதவர் கதி வேறு. அவர்களுக்காக ஜில்லாவுக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் முதியோர் இல்லம், என்று 19ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால் ராஜ்ய சர்க்கார் 'அமைக்கலாம்' என்றே எழுதியிருக்கிறார்கள். 'அமைக்க வேண்டும்' என்றல்ல. நமது ஜில்லாவில் அந்த 150 படுக்கைகள் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கின்றன என்று, ஓட்டுக் கேட்டு அடுத்த முறை வாசலுக்கு வரும் கனவான்களைக் கேட்டு வைக்கும்படி வாசகர்களை வேண்டுகிறோம்.