ஓரம் தெரியாத காகிதம்

மரப்பெட்டி மூடியில் ஒரு ரோஜாக் கொத்து. தூரிகையால் தீட்டியதுபோல இருக்கிறது. விரலால் தடவினாலும் மேடு தட்டுவதில்லை. ஆனால் அது வெட்டி ஒட்டிய காகிதம். ஓரத்தைக் கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாமல் மறைப்பதுதான் டெக்கூபாஜ் என்ற இந்தக் கைவினையின் உயிர்.

18ஆம் நூற்றாண்டில் வெனிஸில் இது செழித்தது. சீனா, ஜப்பான் நாடுகளின் அரக்குப் பூச்சு மரச்சாமான்களுக்கு ஐரோப்பாவில் பெரும் மோகம் இருந்தது, விலைதான் எட்டவில்லை. வெனிஸ் கைவினைஞர்கள் அச்சுப் படங்களுக்கு வண்ணம் தீட்டி, கத்தரித்து ஒட்டி, மேலே வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசி அந்தப் பளபளப்பைக் கொண்டுவந்தார்கள். பஸ்ஸானோ ஊரின் ரெமோண்டினி அச்சகம் கத்தரிப்பதற்கென்றே படத்தாள்களை அச்சிட்டு விற்றது.

இன்றைய பயிற்சிப் பட்டறைகளில் பெரும்பாலும் பேப்பர் நாப்கினைத்தான் கையில் கொடுப்பார்கள். அதில் இரண்டு மூன்று அடுக்குகள் இருக்கும். படம் மேலடுக்கில் மட்டுமே. அதை மெல்ல உரித்தெடுக்க வேண்டும். அதற்கு முன் பலகைக்கு வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் அடிக்கச் சொல்வார்கள். அது வெறும் அழகுக்காக அல்ல. காய்ந்த காகிதம் வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம், நார்களுக்கு இடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பது. பசை அந்த இடைவெளிகளை நிரப்பியதும் ஒளி தடையின்றி ஊடுருவும். காகிதம் கண்ணாடியாகி, அடியில் இருக்கும் மரத்தின் பழுப்பு மேலே தெரியும். அடித்தளம் வெள்ளையாக இருந்தால்தான் பூவின் நிறம் பிழைக்கும்.

அடுத்த தொல்லை சுருக்கம். ஈரம் பட்டதும் காகித நார்கள் பருக்கின்றன. ஓரிடம் ஒட்டிக்கொண்டு மற்றோரிடம் விரிந்தால் மடிப்பு விழாமல் என்ன செய்யும்? நீர் கலந்து இளக்கிய பசையை நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவுவது ஒரு வழி. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: பலகையில் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைப் பூசி முழுதும் காயவிட்டு, நாப்கினை விரித்து, மேலே பட்டர் பேப்பர் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவது. அந்தப் பசை சூட்டில் இளகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் இல்லை, ஆகவே சுருக்கமும் இல்லை.

நாப்கினுக்குப் பதில் வீட்டுப் படங்களை அச்சிட்டு ஒட்ட விரும்பினால் லேசர் அச்சு நல்லது. இங்க்ஜெட் மை பலவும் நீரில் கரைந்து ஓடிவிடும்.

கடைசி வேலையான வார்னிஷ்தான் பொறுமையைச் சோதிப்பது. ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது, சில பூச்சுகள் ஏறியதும் நைஸான உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பது, மறுபடி பூச்சு. தடித்த காகிதம் மறைய முப்பது பூச்சுகூடப் பூசுவார்கள். ஓரிரு மணி நேரப் பட்டறையில் இதற்கு நேரம் கிடைக்காது. அங்கே ஒட்டிய பெட்டியை அப்படியே அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ஒரு சிறு டப்பா வார்னிஷும் உப்புத்தாளும் வாங்கி, வீட்டில் வேலையை முடியுங்கள்.