உறைபனிக் காலமும் எமது கமராக்களும்

தமிழ் மரபு ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்தது. அவற்றுள் முன்பனியும் பின்பனியும் உள. ஆயினும் அந்தப் பனி, புல்நுனியில் துளிர்த்து வெயிலேறக் கரைந்துபோகும் பனி. ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் நாம் காணும் பனியோ வானிலிருந்து பொழிந்து, தரையில் உறைந்து, வாரக்கணக்கில் கிடப்பது. இப்புதிய பருவத்துக்கு ஏற்ற உடையையும் உணவையும் எம்மவர் விரைவிலேயே கற்றுக்கொண்டனர். கையிலுள்ள கருவிகளைக் குளிரில் பேணும் முறையைப் பலர் இன்னும் அறிந்தாரில்லை.

இது சிறு விடயமன்று. 1995ஆம் ஆண்டின் யாழ்ப்பாண இடப்பெயர்விலும் 2009ஆம் ஆண்டின் வன்னிப் பேரழிவிலும் வீட்டோடு படத்தொகுப்புகளையும் இழந்தோர் பலர். தம் மூத்தோரின் முகத்தை அடையாள அட்டைப் படத்தில் மட்டுமே பிள்ளைகளுக்குக் காட்டக்கூடிய குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. அத்தகையோர்க்கு முதற் பனிப்பொழிவில் நிற்கும் பிள்ளையின் படம் வெறும் பொழுதுபோக்காகாது. ஊரிலிருக்கும் அம்மம்மாவுக்கு அனுப்பவெனக் கமராவைத் தூக்கும் அக்கணத்தில், காலையில் முழுமையாக மின்னேற்றிய மின்கலம் 'வெறுமை' என்று காட்டி அணைந்துவிடுகின்றது. பழுதென்று எண்ணிப் புதிய மின்கலத்துக்குப் பணம் கொடுப்பாரும் உளர். பெரும்பாலும் அங்கே பழுதொன்றுமில்லை.

நாம் பேச்சில் 'பற்றறி' என வழங்கும் மின்கலத்தினுள் நிகழ்வது ஓர் இரசாயனத் தாக்கம். இன்றைய டிஜிற்றல் கமராக்களிலும் கைத்தொலைபேசிகளிலும் உள்ளது இலிதியம் அயன் மின்கலம். 1991இல் சந்தைக்கு வந்த இதற்கு அடித்தளமிட்ட ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்காம், அகிரா யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதில் இலிதிய அயன்கள், மின்பகுபொருள் எனும் திரவத்தினூடாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்கின்றன. குளிரில் அத்திரவம் தடிக்கின்றது, அயன்களின் நடை தளர்கின்றது, அகத்தடை கூடுகின்றது. கமரா மின்னை இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று வீழ்கின்றது. அவ்வீழ்ச்சியைக் கண்ட கமரா, மின் தீர்ந்ததெனக் கருதித் தன்னை அணைத்துக்கொள்கின்றது. மின் உள்ளேதான் இருக்கின்றது; வெளிவர முடியவில்லை, அவ்வளவே. மின்கலம் சூடேறியதும் அதன் வலுவிற் பெரும்பகுதி மீண்டுவிடும். பழைய மின்கலங்களின் அகத்தடை ஏற்கெனவே மிகுந்திருப்பதால், இரண்டாங்கைக் கடைகளில் மலிவாக வாங்கும் கமராக்களில் இத்தொல்லை அதிகம்.

இதற்குப் பரிகாரம் எளிது. மின்கலங்கள் இரண்டு வைத்திருத்தல் வேண்டும். ஒன்று கமராவில் இருக்க, மற்றையதை மேலங்கியின் உட்பையில், உடற்சூடு படுமிடத்தில் வைக்கவேண்டும். முதலாவது சோர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம். சோர்ந்தது உட்பையில் சூடேறி, மேலும் சில படங்களுக்கு உதவும். ஒன்றே உள்ளோர் படமெடுக்கும் வேளையில் மட்டும் அதனைக் கமராவில் இடுக. கமராவின் பின்புறத் திரையும் 'பிளாஷ்' வெளிச்சமும் மின்னை மிகுதியாகக் குடிப்பவை. அவற்றைக் குறைத்தல் நன்று. சூடேற்றவென்று மின்கலத்தை வெப்பமூட்டியின் மேலோ அடுப்பருகிலோ வைத்தல் ஆகாது.

வெளியிலிருந்து வந்த கையோடு மின்னேற்றுவதும் தீது. பூச்சியப் பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் இலிதியம் அயன் மின்கலத்தை மின்னேற்றினால், இலிதியம் எதிர்முனைக் காரீயத்தினுள் புகாமல் அதன் மேல் உலோகமாகப் படியும். அச்சேதம் நிரந்தரமானது, உட்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றவும் இடமுண்டு. அறைச் சூட்டுக்கு வந்த பின்னரே மின்னேற்றுதல் வேண்டும்.

பென்சில் வடிவச் சிறு மின்கலங்களால் இயங்கும் கமராக்களும் எம்மவரிடம் உள. அவற்றில் இடப்படும் சாதாரண அல்கலைன் மின்கலத்தின் மின்பகுபொருள் நீரை அடிப்படையாகக் கொண்டதாகையால் குளிரில் விரைந்து சோரும். மீள மின்னேற்றக்கூடிய நிக்கல் வகை அதனினும் மேல். ஒருமுறை மட்டும் பயன்படும் இலிதியம் வகை விலை கூடியதெனினும், பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை வரை இயங்கும்படி ஆக்கப்பட்டது.

வெளிக்குளிரைக் காட்டிலும் கமராவுக்குக் கேடு செய்வது, வீட்டினுள் காத்திருக்கும் ஈரம். உறைந்த கமராவைச் சமையல் நடக்கும் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால், காற்றிலுள்ள நீராவி அதன் மேலும் உள்ளும் துளியாகப் படியும். எமது முன்னோர் பனியென்று சொன்ன அதே பனித்துளிதான். அது மின்சுற்றுகளை அரிக்கும். வில்லையில் பூஞ்சணம் பிடிக்கவும் வழிவகுக்கும். ஆதலால் வாசலைத் தாண்டுமுன், வெளியிலேயே கமராவைப் பொலித்தீன் பைக்குள் இட்டு இறுகக் கட்டுக. துளிகள் பையின் மேற் படியும், கமரா தப்பும். ஓரிரண்டு மணி நேரம் கழித்துத் திறக்கலாம். படங்களை உடனே பார்க்க விரும்புவோர் நினைவட்டையை வெளியிலேயே கழற்றிக்கொள்ளலாம்.

இவ்வறிவு புதியதன்று. 1910இல் புறப்பட்ட ஸ்கொற்றின் தென்துருவப் பயணத்தில் படப்பிடிப்பாளராகச் சென்ற ஹேபேட் பொன்ரிங், இதே ஈரத்தோடு போராடியவர். கமராவின் உலோகத்தில் நாவின் நுனி பட்டு ஒட்டிக்கொண்டதையும் அவர் எழுதி வைத்துள்ளார். வெறுங்கையால் உறைந்த உலோகத்தைப் பற்றாதீர். பிள்ளைகளையும் பற்ற விடாதீர்.

பனியில் எடுத்த படங்களில் எம்மவர் முகம் கருநிழலாய்ப் போவதும் பலரின் குறை. அதற்குக் காரணம் எமது நிறமன்று, கமராவின் கணக்கு. எதிரே உள்ளதை நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கொண்டு ஒளியை அளப்பது அதன் இயல்பு. எங்கும் வெண்பனியாயிருக்க, ஒளி மிகுந்துவிட்டதென எண்ணி அது குறைக்கின்றது. பனி சாம்பலாகின்றது, முகம் இருள்கின்றது. கூட்டல், கழித்தல் குறிகளுள்ள ஒளித்திருத்தப் பொத்தானில் ஒன்று முதல் இரண்டு வரை கூட்டி எடுக்கவேண்டும். கைத்தொலைபேசியாயின் திரையில் முகத்தைத் தொட்டு, ஒளியைச் சற்று உயர்த்துக. ஊரிலுள்ளோர் காண விழைவது பனியை அன்று, பிள்ளையின் முகத்தையே.

அகதி அந்தஸ்துக் கோரி விண்ணப்பித்துக் காத்திருப்போர்க்கு மேலும் ஒரு சொல். பலரின் முகவரி, பயணச்சீட்டு, சட்டத்தரணியின் இலக்கம், விசாரணை அழைப்புக் கடிதம் யாவும் இன்று ஒரே கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டன. பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகையில் பேருந்துக்குக் காத்து நிற்கையில் அது அணைந்துவிட்டால், மொழி தெரியாத ஊரில் எவரை வினவுவது? விசாரணை நாளன்று கைத்தொலைபேசியை உட்பையில் வைத்திருங்கள். முகவரியையும் இலக்கங்களையும் கடதாசியில் எழுதி உடன் கொண்டுசெல்லுங்கள். கடதாசியைக் குளிர் அணைப்பதில்லை.

குளிர் எப்போதும் பகையென்றும் கொள்ளற்க. 1897இல் பலூனில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டு மாண்ட அந்திரே குழுவினரின் படச்சுருள்கள், 1930இல் கிவித்தோயா தீவின் பனிக்குள் கண்டெடுக்கப்பட்டன. 33 ஆண்டுகளின் பின்னர் ஸ்ரொக்ஹோமில் அவற்றைக் கழுவியபோது 93 படங்கள் துலங்கின. எமது டிஜிற்றல் படங்கட்கு அத்தகைய உறுதி இல்லை. கருவி தொலைந்தால் அதனோடு படமும் தொலையும். எனவே இப்பனிக்காலத்துப் படங்களுள் நல்லன பத்தையேனும் கடதாசியில் அச்சிட்டு, பின்புறத்தில் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து, ஒரு பிரதியை உறவினர் வீட்டில் வைப்பீர்களாக. இம்முறையாவது இழப்பின்றி அவை அடுத்த தலைமுறையைச் சேரட்டும்.