உங்கள் விரல் நுனியில் 3,000 வோல்ட்... தெரியுமா?

ஏசி காரிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தக் கை வைக்கிறீர்கள். சுரீர்! கையை உதறிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போகிறீர்கள். அந்த நொடியில் உங்கள் உடம்பில் எத்தனை வோல்ட் இருந்தது தெரியுமா? குறைந்தது சுமார் 3,000! அதற்குக் கீழே இருந்தால் நமக்கு உறைக்கவே உறைக்காது. வீட்டு பிளக்கில் வருவது வெறும் 230 வோல்ட்தான்.

அப்படியானால் பிளக் ஆளைக் கொல்கிறது, கார் கதவு ஏன் கொல்வதில்லை? வோல்ட் என்பது அழுத்தம். எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பது வேறு கணக்கு. மொட்டை மாடியிலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தலையில் விழுந்தால் துடைத்துக்கொண்டு போய்விடுவோம். வாய்க்கால் வெள்ளம் முழங்கால் உயரத்தில் வந்தாலும் இழுத்துக்கொண்டு போய்விடும். கார் கதவில் நடப்பது அந்த ஒரு சொட்டு. கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது.

விரலுக்கும் கதவுக்கும் நடுவே பாயும் பொறியின் நீளத்தைப் பார்த்தே வோல்ட்டை ஏறக்குறைய சொல்லிவிடலாம் என்பது இன்னும் அழகு. ஒரு சென்டிமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு பாய மின்சாரத்துக்குச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பொறி என்றால் ஏறத்தாழ 3,000!

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த ஷாக் அவ்வளவாகப் பழக்கமிருக்காது. டெல்லிக் குளிர்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றியவர்களைக் கேளுங்கள், படபடவென்று சத்தம் வரும், இருட்டில் பொறிகூடத் தெரியும் என்பார்கள். காரணம் ஈரம்தான். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம். பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிந்து, உரசலில் சேர்கிற மின்னூட்டத்தை அவ்வப்போது வழியவிட்டுவிடுகிறது. கோவை நூற்பாலைகளுக்குள் போனால் காற்றில் நீர்த்திவலை கலந்துவிடுவதைப் பார்க்கலாம். காற்று காய்ந்தால் உரசி ஓடும் இழைகளில் மின்னூட்டம் ஏறி, ஒன்றையொன்று விலக்கிச் சிலும்பி நிற்கும், நூல் அறுந்து அறுந்து போகும்.

பள்ளிக்கூடத்தில் சீப்பால் காகிதத்துணுக்கை இழுத்த விளையாட்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அது பலிக்கவில்லை. தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வந்தவர்கள் நாங்கள். முதல் நாள் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்து வந்தவன் சீப்பில்தான் காகிதம் துள்ளியது. அன்று நான் கவனித்து, பல வருடம் கழித்தே விளங்கிக்கொண்ட ஒன்று உண்டு: ஒட்டிய துணுக்குகளில் சில, சற்று நேரம் கழித்து வெடுக்கென்று தெறித்து விழும். சீப்பைத் தொட்டுக்கொண்டிருந்த காகிதத்துக்குச் சீப்பின் மின்னூட்டமே ஏறிவிடுகிறது. ஒரே இன மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். இழுத்த சீப்பே தள்ளிவிடுகிறது! மின்னியலின் அடிப்படை விதி முழுவதும் அந்த ஒரு துள்ளலில் இருக்கிறது.

தேய்த்த பொருளின் இந்த இழுப்பை முதலில் கவனித்தவராக அறியப்படுபவர் தேலீஸ் என்ற கிரேக்க அறிஞர். சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர். அவர் காலத்துச் சீப்பு, அம்பர் எனப்படும், கல்லாக உறைந்த மரப்பிசின். தேய்த்தால் வைக்கோல் துரும்பை இழுக்கும். அம்பருக்குக் கிரேக்க மொழியில் என்ன பெயர் தெரியுமா? எலெக்ட்ரான்! எலெக்ட்ரிக், எலெக்ட்ரானிக் என்று நாம் சொல்லும் அத்தனை சொல்லும் அந்தப் பிசின் துண்டிலிருந்து வந்தவை.

நிஜமான ஆச்சரியம் இனிதான். இரண்டு பொருள்கள் உரசும்போது மின்னூட்டம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏன், எப்படித் தாவுகிறது என்பதற்கு விஞ்ஞானிகளிடம் இன்றுவரை முழுமையான விடை இல்லை! ஒரே பொருளின் இரண்டு துண்டுகளை உரசினால்கூட ஒன்று நேர், மற்றது எதிர் என்று பிரிந்துவிடுவது உண்டு. அணுவைப் பிளந்தாயிற்று, நிலாவுக்குப் போயாயிற்று, சீப்பு இன்னும் புதிர்.

புதிர் என்பதற்காக அதைப் பயன்படுத்தாமல் விடவில்லை மனிதன். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு வாருங்கள். நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் ஒரே ஆவணத்துக்குப் பிரதி எடுத்து எடுத்து அலுத்துப்போனார். கீல்வாதம் வேறு. எளிதாகப் பிரதி எடுக்க வழி தேடி, ஆஸ்டோரியா என்ற பகுதியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். 1938 அக்டோபர் 22. அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னை, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் பரபரவென்று தேய்த்தார். ஆம், நம் சீப்பு வேலையேதான்! தேதியும் இடமும் எழுதிய கண்ணாடியை மேலே வைத்து விளக்கொளியைக் காட்டினார். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிந்தது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் தங்கியது. ஒரு செடியின் நுண்ணிய வித்துத்தூளைத் தூவி, வாயால் ஊதினார்கள். தூள் பறந்தது. எழுத்து மட்டும் நின்றது! மெழுகுத்தாளை அழுத்தி எடுத்தார்கள். உலகின் முதல் ஜெராக்ஸ் பிரதி அது.

இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதை வேண்டாம் என்று கைவிரித்தன. ஜெராக்ஸ் 914 இயந்திரம் வெளிவந்தது 1959-இல். இருபத்தோரு ஆண்டுக் காத்திருப்பு! அடுத்த முறை கடைக்காரர் சுடச்சுடத் தாளை நீட்டும்போது, இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்டோரியா அறையில் கைக்குட்டையால் தேய்த்து ஏற்றிய அதே வகை மின்னூட்டத்தின் மிச்சம் அது.

கொரோனா காலத்தில் நாம் மாட்டிய என்95 முகக்கவசத்தின் ரகசியமும் இதுதான், தெரியுமா? அதன் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் நுண்துகளைவிடப் பெரியவை. சலித்துப் பிடிப்பதல்ல அதன் வேலை, இழுத்துப் பிடிப்பது! இழைகளில் நிலையாக மின்னூட்டம் ஏற்றும் வழிகளில் ஒன்றைக் கண்டவர் தைவானில் பிறந்து, அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் சாய். அதைச் சோப்புப் போட்டுத் துவைத்தால் துணி அப்படியே இருக்கும், மின்னூட்டம் போய்விடும். எத்தனை வீட்டுக் கொடிகளில் அந்தக் கவசங்கள் துவைத்துக் காய்ந்தன!

தேனீக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. பறக்கையில் காற்றோடு உரசி அதன் உடம்பில் நேர் மின்னூட்டம் ஏறுகிறது. மண்ணில் வேரூன்றிய பூ பெரும்பாலும் எதிர் மின்னூட்டத்தோடு நிற்கிறது. தேனீ நெருங்கினால் போதும், தொடுவதற்கு முன்பே மகரந்தம் தாவி ஒட்டிக்கொள்ளும்! பம்பிள் எனப்படும் ரோமம் அடர்ந்த பெரிய தேனீக்கள் பூவின் மின்புலத்தை உணர்கின்றன என்று 2013-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள்.

இத்தனை செல்லமாகப் பழகும் இதே சக்தி மேகத்தில் பனித்துகள்கள் மோதிப் பெருகும்போது மின்னலாகிறது. மின்னல் பாயும் பாதை சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு சூடு! மழை இருட்டும்போது வெட்டவெளியில் தலைமுடி தானாக எழுந்து நின்றால் வேடிக்கை பார்க்க வேண்டாம். மரத்தடிக்குப் போகாமல், உடனே கட்டடத்துக்குள் ஓடிவிடுங்கள். பெட்ரோல் பங்கில் டேங்கர் லாரி சரக்கு இறக்குமுன் எர்த் ஒயர் மாட்டுவதும் இந்தப் பயத்தில்தான். குழாயில் ஓடும் பெட்ரோலே மின்னூட்டம் சேர்க்கும், ஒரு பொறி போதும்.

கடைசியாக ஒன்று. 2008-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெற்றிடத்தில் வைத்துச் சாதாரண ஒட்டும் டேப்பை உரித்தார்கள். எக்ஸ்ரே வந்தது! ஒரு விரலின் எலும்பைப் படம் எடுக்கும் அளவுக்கு வந்தது. நம் வீட்டில் வெற்றிடம் இல்லை, எக்ஸ்ரேயும் வராது. ஆனால் இன்றிரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் கண் இருட்டுக்குப் பழகும்வரை பத்து நிமிடம் உட்காருங்கள். பிறகு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டேப்பைச் சரேலென்று உரியுங்கள். பிரியும் கோட்டின்மேல் கண் வைத்திருங்கள், மங்கலாக ஒரு நீலக் கீற்று தெரியும்.