முப்பத்தொரு ஆட்டம், ஒரு சாம்பியன்

முகப்பேரில் மனை பேசுகிறவர்கள் இன்றும் கிரவுண்ட் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஒரு கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி. கோட்டுக்கு வெளியே ஓடித் திரும்பும் இடத்தையும் சேர்த்து ஒரு டென்னிஸ் கோர்ட் அமைக்க 120 அடி நீளமும் 60 அடி அகலமும் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 7,200 சதுர அடி, அதாவது சரியாக மூன்று கிரவுண்ட். அந்த இடத்தில் ஒரே நேரத்தில் ஆடப்போவது இரண்டு பேர், மிஞ்சிப்போனால் நான்கு பேர். முகப்பேரில் மூன்று கிரவுண்ட் சும்மா கிடந்தால் அங்கே என்ன எழும்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

செஸ்ஸுக்கு ஒரு மேசை போதும். இந்தப் பக்கம் செஸ் செழித்ததற்குப் பள்ளிகளும் பயிற்சியாளர்களும் காரணம் என்பார்கள், உண்மைதான். ஆனால் இடமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். பக்கத்துப் பாடியிலிருந்து வைஷாலியும் பிரக்ஞானந்தாவும், மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியிலிருந்து குகேஷும் கிளம்பி உலகத்தைச் சுற்றி வருகிறார்கள். எனவே இங்குள்ள பெற்றோருக்கு 'சுவிஸ்' முறைப் போட்டி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. தோற்றாலும் வீட்டுக்குப் போகவேண்டாம். அடுத்த சுற்றில் அதே புள்ளி எடுத்திருக்கும் இன்னொருவரோடு உட்காரலாம். வைஷாலி 2023, 2025 என இரண்டு முறை வென்ற மகளிர் கிராண்ட் சுவிஸ் பதினொரு சுற்று கொண்டது. ஒரு நாள் சறுக்கினாலும் மறுநாள் எழுந்துகொள்ளலாம்.

மகளிர் டென்னிஸ் ஒற்றையர் போட்டியில் அந்தக் கருணை கிடையாது. தோற்றால் அன்றிரவே பெட்டி கட்டவேண்டும். 32 பேர் ஆடும் போட்டியில் எத்தனை ஆட்டம் என்று தெரிந்துகொள்ளச் சுற்றுவாரியாகக் கூட்ட வேண்டாம். ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை வெளியேற்றுகிறது. 31 பேர் வெளியேறினால்தான் ஒருவர் மிஞ்சுவார். ஆகவே 31 ஆட்டம். அதே 32 பேரை ஐந்து சுற்று சுவிஸ் முறையில் ஆடவிட்டால் 80 ஆட்டம் ஆகும். ஒரு வாரத்துக்குள் சில கோர்ட்டுகளில், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம்கூட ஓடக்கூடிய 80 ஆட்டங்களை முடிப்பது நடக்கிற காரியமல்ல. இடமும் நேரமும் சுருங்கியதால்தான் நாக்அவுட்.

நம் ஊரில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் நுங்கம்பாக்கம் லேக் ஏரியாவில் உள்ள எஸ்.டி.ஏ.டி. டென்னிஸ் ஸ்டேடியத்துக்குப் போகவேண்டும். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. அங்கே 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் ஆண்கள் சென்னை ஓப்பன் நடந்தது. ராஃப்டர், மோயா, வாவ்ரிங்கா எல்லாரும் அங்கே கோப்பை தூக்கியவர்கள். பிறகு அந்தப் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. 2022 செப்டம்பரில் அதே இடத்துக்குப் பெண்கள் வந்தார்கள். தமிழ்நாடு டென்னிஸ் சங்கத் தலைவர் விஜய் அமிர்தராஜின் முயற்சியும் அரசின் பணமும் சேர்ந்து நடந்த டபிள்யூ.டி.ஏ. (மகளிர் டென்னிஸ் சங்கம்) 250 போட்டி அது. 2008 பெங்களூரு போட்டிக்குப் பிறகு இந்தியாவில் அந்தத் தரத்தில் பெண்கள் ஆடியது அப்போதுதான். பெங்களூருவில் வென்றவர் செரீனா வில்லியம்ஸ். அதற்கும் முன்னால், 2005 ஹைதராபாத் ஓப்பனில் சானியா மிர்சா, டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

அந்த 250 என்ற எண் போட்டியின் தரத்தைக் குறிக்கிறது. மேலே 500, 1000, அதற்கும் மேலே 2000 புள்ளி தரும் நான்கு கிராண்ட் ஸ்லாம். வேடிக்கை என்னவென்றால், 2022-ல் 250 போட்டியின் சாம்பியனுக்குக் கிடைத்தது 280 புள்ளி. பெயரும் புள்ளியும் ஒத்துவந்தது 2024-ல்தான். இப்போது சாம்பியனுக்கு 250, இறுதியில் தோற்றவருக்கு 163, அரையிறுதியில் தோற்றால் 98, காலிறுதியில் 54. முதல் சுற்றிலேயே தோற்றால் ஒரே ஒரு புள்ளி.

இந்தப் புள்ளிகளுக்குக் கெடு உண்டு. நம் கைபேசி ரீசார்ஜ் போல, 52 வாரம் ஆனதும் காலாவதியாகிவிடும். போன வருடம் இதே வாரத்தில் எடுத்ததை இந்த வருடம் திரும்ப எடுத்தால்தான் இருக்கிற இடத்தில் நிற்கலாம். தரவரிசை என்பது அந்தந்தத் திங்கட்கிழமைக் கணக்கு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரி என்பதற்கு அது நிரந்தரச் சான்றிதழ் அல்ல.

யார் யார் ஆடுவது என்பது போட்டிக்குச் சுமார் நான்கு வாரம் முன்பே, தரவரிசைப்படி பெரும்பாலும் முடிவாகிவிடும். மிச்ச இடங்களுக்கு இரண்டு வாசல். ஒன்று தகுதிச் சுற்று. அதில் ஜெயித்து வரவேண்டும். அதிலும் கடைசிப் படியில் தோற்றவர், முதன்மைச் சுற்றில் யாராவது காயத்தால் விலகினால் அந்த இடத்தில் நுழையலாம். இவரை 'லக்கி லூசர்' என்பார்கள். இப்படி வந்து பட்டம் வென்றவர்களும் டென்னிஸ் வரலாற்றில் உண்டு. இன்னொரு வாசல் வைல்டு கார்டு. போட்டி நடத்துகிறவர்கள் விருப்பப்பட்டவருக்குத் தரும் இடம் இது. உள்ளூர்க்காரருக்குத்தான் பெரும்பாலும் போகும். இதைச் சலுகை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரில் பெரிய போட்டி நடத்துவதால் நம் பெண்களுக்குக் கிடைக்கும் நேரடி லாபமே இதுதான். 2022-ல் வைல்டு கார்டில் வந்த கர்மன் கவுர் தாண்டி, தரவரிசையில் தன்னைவிட மிகவும் முன்னால் இருந்த பிரான்ஸின் க்ளோயி பாக்கேயை முதல் சுற்றில் தோற்கடித்தார். அடுத்த சுற்றில் 2014 விம்பிள்டன் இறுதியாட்டம் வரை போன யூஜினி பூஷார்டிடம் தோற்றார். பத்து நாடு அலைந்தாலும் அப்படி இரண்டு ஆட்டம் சுலபத்தில் வாய்க்காது.

பெயர்கள் கிடைத்ததும் டிரா எடுப்பார்கள். முழுக்கக் குலுக்கல் என்று நினைக்கக் கூடாது. தரவரிசையில் முதல் எட்டுப் பேருக்கு 'சீடு' கொடுத்துத் தள்ளித் தள்ளி உட்கார வைப்பார்கள். 32 வரிகள் கொண்ட பட்டியலில் முதல் சீடு முதல் வரியில், இரண்டாம் சீடு கடைசி வரியில். இருவரும் இறுதியாட்டத்துக்கு முன் சந்திக்கவே முடியாது. மூன்று, நான்குக்கு 9, 24 ஆகிய வரிகள். யாருக்கு எது என்பது குலுக்கலில். சீடு இல்லாத மீதி எல்லாரும் எங்கே விழுகிறார்களோ அங்கே. பலசாலிகள் தொடக்கத்திலேயே ஒருவரையொருவர் காலி செய்துகொள்ளாமல் கடைசி நாட்களுக்கு மிஞ்ச வேண்டும் என்பதுதான் நோக்கம். அரங்கம் நிறைவதும் தொலைக்காட்சியும் அதில் அடக்கம்.

ஆனால் சீடு ஒரு கணிப்புதானே. 2022 சென்னையில் முதல் சீடு அலிசன் ரிஸ்க் அமிர்தராஜ். அமெரிக்கர், விஜய் அமிர்தராஜின் அண்ணன் ஆனந்தின் மருமகள் என்ற வகையில் பாதி சென்னைக்காரி. அவரால் இறுதிக்கு வர முடியவில்லை. வந்தவர்கள் போலந்தின் மக்தா லினெட், செக் நாட்டின் லிண்டா ஃப்ருஹ்விர்தோவா. லிண்டாவுக்கு வயது 17, தரவரிசை 130. முதல் செட்டை 4-6 என்று இழந்து, இரண்டாவதை 6-3 என்று எடுத்தார். மூன்றாவது செட்டில் 1-4 என்று பின்தங்கினார். அங்கிருந்து தொடர்ந்து ஐந்து கேம், 6-4. அவருடைய முதல் டபிள்யூ.டி.ஏ. பட்டம் அது.

அந்த ஐந்து கேமுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. சர்வ் மாறி மாறி வருவதால் தொடர்ந்து ஐந்து கேம் எடுப்பவர், எதிராளி சர்வ் செய்த கேம்களில் குறைந்தது இரண்டையாவது பிடுங்கியிருக்க வேண்டும். ஆண்கள் ஆட்டத்தில் சர்வ் ஓர் ஆயுதம், பிடுங்குவது அரிது. பெண்கள் ஆட்டத்தில் சர்வை உடைப்பது அதைவிட அதிகம் நடக்கும். 1-4 என்றதும் எழுந்து போகிற பார்வையாளர் பல நேரம் நல்ல ஆட்டத்தைத் தவறவிடுகிறார். தோற்ற லினெட் என்ன ஆனார் என்பதும் தெரியவேண்டும்: நான்கே மாதத்தில், 2023 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதிக்குப் போனார். நுங்கம்பாக்கத்தில் பார்த்தது அந்தத் தரத்து ஆட்டம்.

2023-லும் 2024-லும் சென்னையில் போட்டி இல்லை. 2025 அக்டோபர் 27-ல் திரும்பி வந்தது. கூடவே மோந்தா புயலும் வந்தது. தொடக்க நாட்களின் அட்டவணையை மழை குலைத்துப் போட்டது. வடகிழக்குப் பருவமழையின் நடுவில் சென்னையில் கூரையில்லாத போட்டி வைப்பது என் பார்வையில் துணிச்சல்தான். டபிள்யூ.டி.ஏ. போட்டிகள் ஆசியாவில் நடக்கும் காலம் அது, கிடைத்த வாரத்தை எடுத்திருப்பார்கள். நாக்அவுட்டில் ஒரு சுற்று முடியாமல் அடுத்த சுற்று தொடங்க முடியாது. ஒரு நாள் போனால், ஆட்டக்காரர்கள் ஒரே நாளில் இரண்டு முறை கோர்ட்டில் இறங்க வேண்டிவரும்.

ஒரு தூறலுக்கே ஏன் ஆட்டத்தை நிறுத்துகிறார்கள்? அது கடினத்தளம். கான்கிரீட் அல்லது தார் அடித்தளத்தின் மேல் அக்ரிலிக் பூச்சைப் பல அடுக்காகப் பூசியிருப்பார்கள். பூச்சில் நுண்மணல் கலந்திருக்கும். மணல் கூடினால், பருமனாக இருந்தால், பந்து தரையில் பிடிபட்டு வேகம் குறையும். குறைந்தால் வழுக்கிக்கொண்டு பறக்கும். தளத்தின் வேகத்தை வைப்பது இந்த மணல்தான். ஆனால் அக்ரிலிக் தண்ணீரை உறிஞ்சாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வு கொடுத்திருப்பார்கள். மீதியைப் பணியாளர்கள் ரப்பர் உருளையால் தள்ள வேண்டும். ஈரமான அக்ரிலிக்கில் ஓடித் திரும்பினால் முழங்கால் போய்விடும்.

மழையே இல்லாவிட்டாலும் நம் காற்றின் புழுக்கம் பந்துக்குள் இறங்கும். புதுப்பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம் வரை இருக்கலாம் என்பது விதி. மேலே இருக்கும் கம்பளி இழை ஈரத்தை உறிஞ்சிப் புசுபுசுவென்று எழும்பினால் பந்து காற்றில் தயங்கும். முதல் ஏழு கேமுக்குப் பிறகும், அப்புறம் ஒன்பது கேமுக்கு ஒருமுறையும் புதுப்பந்து கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புதுப்பந்தோடு சர்வ் செய்பவருக்குக் கொஞ்சம் அனுகூலம்.

அந்த 2025 போட்டியை வென்றவர் இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென். இறுதியில் ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெல்லை 6-4, 6-3 என்று வென்றார். 2002-க்குப் பிறகு டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தோனேசியர். வைல்டு கார்டு பெற்றவர்களில் கோவையின் மாயா ராஜேஸ்வரனும் ஒருவர். அந்த ஆண்டு பிப்ரவரியில் மும்பையில், 250-க்கு ஒரு படி கீழே இருக்கும் டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில், பதினைந்து வயதில் அரையிறுதி வரை போனவர். அதே கோவையின் நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்று வென்றபோது அதுவே இந்தியப் பெண்கள் டென்னிஸில் பெரிய செய்தி.

125-க்குக் கீழே இன்னும் படிகள் உண்டு: சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐ.டி.எஃப்.) போட்டிகள், பரிசுத்தொகை 15,000 டாலரில் தொடங்கி ஒரு லட்சம் வரை. பதினேழு வயதுப் பெண்ணுக்கு உண்மையில் பயன்படுவது இவைதான். செஸ்ஸில் ஒரு சிறுமி சென்னையை விட்டு நகராமலே பல மாதம் ரேட்டிங் போட்டி ஆடலாம். டென்னிஸில் முதல் புள்ளிக்கே விமானம் ஏற வேண்டியிருக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை 250 நடத்துவதற்குப் பதில் ஆண்டுதோறும் நாலைந்து சின்னப் போட்டி நடத்தலாமே என்று கேட்டால், இரண்டும் வேண்டும் என்பேன். ஒன்றுதான் முடியும் என்றால் சின்னதையே கேட்பேன்.

அடுத்த முறை போட்டி வந்தால் முகப்பேர்க்காரர்கள் தகுதிச் சுற்று நாட்களிலேயே போய்விடுவது நல்லது. அப்போது ஆடுவது பெரும்பாலும் பக்கத்துக் கோர்ட்டுகளில். அங்கே உட்கார்ந்து இரண்டாவது சர்வை மட்டும் கவனியுங்கள். முதல் சர்வ் தவறினால் இரண்டாவதை உள்ளே போட்டே ஆகவேண்டும். பந்தை அடியிலிருந்து மேல்நோக்கித் தேய்த்து அடித்துச் சுழலவிடுவார்கள். சுழலும் பந்து நடுவில் மூன்றடி உயரமுள்ள வலையைத் தாண்டி, கட்டத்துக்குள் சட்டென்று இறங்கும். எதிரில் நிற்பவர் அதற்காகவே கோட்டுக்குள் ஓரடி முன்னால் வந்து நிற்பார். அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால், யார் யாரைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பது ஸ்கோர் போர்டுக்கு முன்பே தெரிந்துவிடும்.